கண்ணாடியைக் கவிழ்க்காதவள்

என் சின்ன மகளுக்கு வண்டிக்கு அடியில் பார்ப்பதுதான் வேலை. மணிக்கூண்டுக்கு எதிரே இருக்கும் பெரிய கடை வளாகத்தின் வாசலில், நீளக் கம்பில் கட்டிய கண்ணாடியை உள்ளே நுழைகிற ஒவ்வொரு காருக்கும் அடியில் விட்டுப் பார்ப்பாள். ஒன்பது வருடமாகக் குனிகிறாள். பட்டப்பகலிலும் டார்ச் அடித்துப் பார்ப்பதால் அவளுக்குப் பேரே 'டார்ச்சு'.

பெரிய மனிதர்களின் கார் வந்தால் மற்ற காவலாளிகள் கண்ணாடியைக் கவிழ்த்துப் பிடிப்பார்கள். பார்த்த மாதிரியும் ஆச்சு, நிறுத்தாத மாதிரியும் ஆச்சு. அதைச் சொல்லிக் கொடுத்ததே அவர்களுடைய மேற்பார்வையாளன்தான். என் மகளுக்கு அந்த வித்தை வராது. என் வயிற்றில் பிறந்தவளுக்கு எப்படி வரும்?

ஒரு நாள் சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுப் போயிருந்தாள். எடுத்துக்கொண்டு போன நான் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தேன். கறுப்புக் கார் ஒன்று வந்து நின்றது. குனிந்தவள் நிமிரவே இல்லை.

"சார், பின்சக்கரத்துப் பக்கம் பிரேக் ஆயில் சொட்டுது. இறக்கத்துல இறக்காதீங்க."

பின்சீட்டில் இருந்தவர் கார் ஜன்னலை இறக்கினார். "குண்டு இருக்கான்னு பார்க்கத்தான உன்ன வெச்சிருக்கு? நீ என்ன மெக்கானிக்கா?"

மேற்பார்வையாளன் ஓடி வந்தான். "ஏம்மா டார்ச்சு, மணிக்கூண்டு வரைக்கும் வண்டி நிக்குது, ஹாரன் காதுல விழலையா? தடுப்பைத் தூக்கு!"

"நீங்களே தூக்குங்க சார். தூக்கிட்டு, கீழ லிஃப்ட் வாசல்ல போய் நில்லுங்க. வண்டி உங்க மேலயே வந்து நிக்கட்டும்."

கார் நிறுத்தத் தரைக்கு அடியில் போகிற அந்த இறக்கம் கிணற்றில் இறங்குகிற மாதிரி இருக்கும். அடியில், லிஃப்டுக்குப் பிள்ளையும் குட்டியுமாய்ச் சனம் நிற்கும். அது தெரிந்துதான் தூக்கச் சொன்னான், படுபாவி!

கார் டிரைவர் மட்டும் மனுஷன். பிரேக்கை மிதித்துப் பார்த்தவனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஐயா, பெடல் தரைக்குப் போகுது. நான் ஓட்ட மாட்டேன்."

பின்சீட்டுக்காரர் கதவை அறைந்து சாத்திவிட்டு நடந்தே உள்ளே போனார். நன்றி என்று ஒரு வார்த்தை? வாயில் கொழுக்கட்டையா இருந்தது?

சாயங்காலம் வீட்டுக்கு வந்த மகள் கையில் மேற்பார்வையாளன் கொடுத்த ஒரு காகிதம். வாடிக்கையாளரை அவமதித்ததற்கு மன்னிப்புக் கேட்டுக் கையெழுத்துப் போட வேண்டுமாம். இல்லாவிட்டால் வேலை இல்லையாம்.

"போட்டுறவாம்மா?" என்றாள். கண் கலங்கியிருந்தது.

"நீ போட்டா, இனிமே உன் கண்ணாடியும் கவிழ்ந்துதான் நிக்கும்டி," என்றேன். சோற்றைப் பிசைந்து நானே ஊட்டினேன். அழுதுகொண்டே தின்றாள்.

மறுநாள் காகிதத்தை மேற்பார்வையாளன் மேசையில் வைத்தாளாம். "'பிரேக் இல்லாத வண்டிக்குத் தடுப்பைத் தூக்கச் சொன்னது நான்தான்'னு முதல்ல நீங்க எழுதிக் கையெழுத்து போடுங்க சார். அதுக்குக் கீழ நான் போடுறேன்."

அவன் காகிதத்தை நாலாய் மடித்துப் பையில் போட்டுக்கொண்டானாம். போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. இவள் டார்ச்சை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள். இன்றைக்கும் அங்கேதான் குனிகிறாள். எனக்குத்தான் அந்த இரண்டு பேரையும் நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.