ஏழுமலை இறங்க மறுத்த குழிகள்

செய்தி நம் குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் வந்தது. "டிரெயினேஜ் ஏழுமலை காக்களூர் கம்பெனி ஒன்றில் தொட்டிக்குள் இறங்கி இறந்துவிட்டார். வேறு நல்ல ஆள் நம்பர் இருந்தால் பகிரவும்." அதன் கீழே பதினோரு கைகூப்புகள். பன்னிரண்டாவதாக ஒரு தொலைபேசி எண். இரங்கலுக்கும் மாற்று ஏற்பாட்டுக்கும் இடையில் நாம் ஒரு வரியைக்கூட வீணாக்கவில்லை.

அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தருமாறு சங்கச் செயலாளர் கேட்டார். நல்ல வார்த்தைகளை விட அவசரமான ஒன்று இருக்கிறது. அந்தத் தொழிற்சாலை எழுதிக் கொடுத்திருக்கும் விளக்கம் இது: தடுத்தும் கேளாமல் அவர் தானாகவே இறங்கினார்; அப்படி இறங்குவது அவருக்கு வழக்கம். வரும் புதன்கிழமை திருவள்ளூரில் விசாரணை. அந்த விளக்கம் அப்படியே பதிவாகிவிட்டால், ஏழுமலை தன் சாவுக்குத் தானே காரணமாகிவிடுவார். வேப்பம்பட்டில் நம்முடைய நாற்பது வீடுகளுக்கும் அது பொய் என்று தெரியும்.

அவர் வேலை செய்யும் முறையை நினைத்துப் பாருங்கள். வந்ததும் தெருவின் மூடிகள் அனைத்தையும் திறந்து போடுவார். வீடு வீடாகப் போய்க் குழாய்களை மூடச் சொல்வார். பிறகு ஒரு மணி நேரம் எதுவும் செய்யாமல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார். அலுவலகத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் நாம் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்போம். ஒரு நாள் எதிர்வீட்டு ஓய்வுபெற்ற மேலாளர், திறந்த குழியருகே சிகரெட்டும் கையுமாக நின்று, "சும்மா உக்காந்துக்கினு இருக்கியே, எப்பதான் ஆரம்பிப்ப?" என்று கேட்டார்.

"ஆரம்பிச்சிட்டேன் நைனா. இப்போ காத்து வேலை செய்யுது, அப்பாலதான் நானு. நீ அந்த சிகரெட்ட தூக்கிப் போடு. இல்லாங்காட்டி ரெண்டு பேரும் ஒண்ணா மேல போயிடுவோம்."

மேலாளர் வாழ்க்கையில் முதல்முறையாக ஓர் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தார்.

மூங்கில் பிளாச்சையும் இரும்புக் கம்பியையும் மேலிருந்தபடியே செலுத்தி அடைப்பை எடுப்பார். வெளியே வருவது எந்த வீட்டுச் சரக்கு என்பது அவருக்கு நிச்சயமாகத் தெரியும். சொல்ல மாட்டார். ஒருமுறை, ஒரு பட்டுப் புடவையின் பாதி வெளியே வந்தது. தெருவே கூடி நின்று, யாருடையது, எதற்காகக் கிழித்தார்கள் என்று அவரைக் குடைந்தது. "யாரு ஊட்டுதுன்னு தண்ணிக்குத் தெரியும். எனக்கு எதுக்கு?" என்று சொல்லி அதைச் சாக்கில் போட்டுக் கட்டினார். என் வீட்டு எண்ணெய்க் கட்டியைக் குறித்து மட்டும் இந்த விதியைத் தளர்த்தினார். "டீச்சரம்மா, வடையக் கொறைங்க" என்றார், நாலு பேர் கேட்க. நான் டீச்சர் அல்ல, கல்லூரியில் வேதியியல் பேராசிரியை என்று பலமுறை திருத்தியிருக்கிறேன். "பாடம் எடுத்தா டீச்சருதான்" என்பார்.

சென்ற வாரம் கடம்பத்தூரில் அவர் மனைவி தேவகியைப் பார்த்தேன். அவர் அழவில்லை. அழுவதற்கு நேரமில்லை என்பதுபோல் பேசினார்.

"கம்பெனி வாசல்லேந்து போன் பண்ணாருங்க. நான் வர்றதுக்குள்ளயே ஒரு வடக்கத்தி ஆள எறக்கி உட்டுட்டானுங்க, உள்ள சத்தமே காணோம்னாரு. நீ எறங்காதயான்னு சொன்னேன். கயிறு கேட்டுக்கினு இருக்கேன்னாரு. அத்தோட கட்டாயிடுச்சி."

அந்த வடக்கத்தித் தொழிலாளியைக் காப்பாற்ற உள்ளே இறங்கி, அவர் இடுப்பில் கயிற்றைக் கட்டி மேலே அனுப்பியவர் ஏழுமலைதான். அடுத்து அவர் ஏற வேண்டிய நேரத்தில் அவரால் முடியவில்லை. இதை இடுகாட்டில் தேவகியின் காதோடு சொன்ன வேறொரு தொழிலாளி இப்போது தொலைபேசியை எடுப்பதில்லை. பிழைத்தவரை மறுநாளே ரயிலேற்றி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அப்படி ஓர் ஆளே அங்கு இருக்கவில்லை என்கிறது தொழிற்சாலை.

"எறங்கிப் பழக்கம்னு எழுதியிருக்கானுங்க. இருவத்தாறு வருசமா எறங்க மாட்டேன்னு என் தலைல அடிச்சி சத்தியம் பண்ணிக்கினு போன மனுசன். நீங்க யாராச்சும் வந்து சொல்லக்கூடாதா?"

சொல்லலாம் என்று நினைத்துத்தான் திரும்பி வந்தேன். பதினேழு வீடுகளின் கதவைத் தட்டினேன். காப்பி கிடைத்தது. செயலாளர், "நமக்கு எதுக்கு மேடம் இந்த பேஜாரு?" என்றார். மற்றவர்கள் அதையே இன்னும் பணிவாகச் சொன்னார்கள். பதினேழாவது வீட்டின் படியிறங்கும்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் இறங்க மறுத்தார் என்று ஒருவர் சாட்சி சொன்னால் அடுத்த கேள்வி, இறங்கச் சொன்னது யார் என்பது. இறங்கச் சொல்வது சட்டப்படி குற்றம். நாம் எல்லோருமே எப்போதோ ஒரு நாள் சொல்லியிருக்கிறோம்.

நான் சொன்னது ஒரு மழைக்காலத்தில். என் கணவர் படுக்கையில் கிடந்தார். கழிவறையில் இரண்டு நாட்களாகத் தண்ணீர் எதிர்த்துக்கொண்டிருந்தது. தொட்டியின் உள்வாயில் ஏதோ சிக்கியிருந்தது, கம்பி எட்டவில்லை. மூடி திறந்து நெடுநேரம் ஆகிவிட்டது. குழியருகே குனிந்து பார்த்தேன். "நாற்றமே இல்லையே, ஒரு நிமிடம் இறங்கி எடுத்துவிடுங்கள்" என்றேன்.

"மாட்டேன் டீச்சரம்மா."

"உங்களுக்குப் பழக்கம்தானே?"

"நாத்தம் நின்னுச்சின்னா காத்து சுத்தமாயிடுச்சின்னு அர்த்தமில்ல. நம்ம மூக்கு செத்துப் போச்சின்னு அர்த்தம். மொதல்ல நீங்க தள்ளி வாங்க" என்று என் கையைப் பிடித்து இழுத்தார். கழிவுத் தொட்டியின் விஷவாயு முதலில் மோப்பத்தைக் கொல்லும், பிறகுதான் மனிதனைக் கொல்லும் என்று முப்பது ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிப் போட்டவள் நான். அன்று அது எனக்கு நினைவில் இல்லை. இறங்கவேண்டியது நானில்லை என்பதால் நினைவு வரவில்லை. அவர் கோபித்துக்கொண்டு போய்விடவில்லை. மண்வெட்டியை எடுத்து, தொட்டிக்கு வெளியே பக்கவாட்டில் தோண்டினார். மாலைவரை தோண்டிக் குழாயை வெளிப்புறமாக அறுத்து அடைப்பை எடுத்தார். என் கணவர் அந்த இரவு சுத்தமான படுக்கையில் உறங்கினார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

புதன்கிழமை நான் திருவள்ளூருக்குப் போகிறேன். ஒரு கிழவியின் வாக்குமூலம் போதாது என்று தேவகியின் வழக்கறிஞர் சொல்கிறார். அவர் சொல்வது சரியாகவே இருக்கலாம். காலை பத்து மணிக்குள் அங்கே இன்னும் யார் வருவீர்கள் என்று எனக்குத் தெரியாது. வருவீர்கள் என்ற நம்பிக்கையும் அதிகம் இல்லை. ஏழுமலையிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது ஒரே ஒரு "மாட்டேன்". அது என் முகத்துக்கு நேரே சொல்லப்பட்டது. யார் இறங்கச் சொன்னது என்று அவர்கள் கேட்பார்கள். என் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்வேன்.