எண்ணெய் பட்ட எட்டணா

என் தம்பியின் காதுகுத்து அன்று மத்தியானம் நடந்தவை, வரிசையாக:

1. மாமா என் பெரியப்பாவிடம் ஓர் எட்டணாவைக் கேட்டு வாங்கினார்.
2. அதை ஒரு மருந்துப் புட்டியின் வாயில் வைத்துத் தட்டினார். காசு உள்ளே போயிற்று. எல்லோரும் கை தட்டினார்கள்.
3. புட்டியைக் குலுக்கினார். ஒரு காசு ஆடும் சத்தம் வரவில்லை. மூன்று துண்டுகள் ஆடும் சத்தம் வந்தது.
4. துண்டுகள் பாயில் கொட்டின. பெரியப்பா "என் காசு" என்று எழுந்துவிட்டார்.
5. தவறு என்னுடையது.

முதல் நான்கும் நடந்தவை. ஐந்தாவது, அப்பா சொன்னது.

எனக்கு அப்போது பத்து வயது. நயா பைசா வந்து ஓரிரு வருடங்கள் ஆகியிருந்தும் எல்லோரும் அணாக் கணக்கிலேயே பேசிக்கொண்டிருந்த காலம். திண்டுக்கல்லில் எங்கள் வீட்டின் முன்பகுதிதான் பட்டறை. அப்பா பூட்டுச் செய்பவர். அம்மாவின் தம்பியான மாமா மேஜிக் செய்பவர். பள்ளிக்கூடம், திருவிழா, காதுகுத்து என்று ஒட்டன்சத்திரம், ஆயக்குடி வரைக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்வருவார்.

அவரிடம் இரண்டு தந்திரக் காசுகள் இருந்தன. ஒன்று தொப்பிக் காசு. ஓர் எட்டணாவின் ஒரு முகத்தை மட்டும் விட்டுவிட்டு உள்ளே குடைந்து எடுத்தது. இன்னொரு காசின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்துகொள்ளும். மற்றது மடக்குக் காசு. எட்டணாவை மெல்லிய ரம்பத்தால் மூன்று துண்டாக அறுத்து, விளிம்பைச் சுற்றி ஒரு பள்ளம் இழுத்து, பள்ளத்துக்குள் ஒரு ரப்பர் வளையம் மாட்டியது. அமுக்கினால் மடங்கிப் புட்டியின் கழுத்துக்குள் நுழையும். உள்ளே போனதும் வளையம் இழுத்து விரித்துவிடும். பார்க்கிறவர்களுக்கு முழுக் காசு.

இரண்டையும் அறுத்தும் குடைந்தும் கொடுத்தது அப்பா. அதன் பிறகு அவை கெடாமல் பார்த்துக்கொண்டது நான். என் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் இப்படி எழுதியிருந்தேன்: ரப்பர் இரண்டு மாதம்தான் தாங்கும். பலூன் கழுத்தை நூல் அகலத்துக்கு பிளேடால் வெட்டினால் சரியான வளையம் கிடைக்கும். பள்ளத்தில் அழுக்குச் சேர்ந்தால் ஊசியால் சுரண்டு. துண்டுகள் உரசும் இடத்தில் பிசிறு எழுந்தால் நைஸ் அரத்தால் இரண்டு இழுப்பு. மூன்றாவது இழுத்தால் கோடு வெளியே தெரியும். அரம் பட்ட இடம் பளபளக்கும், கரியும் உள்ளங்கை வியர்வையும் தேய்த்து மங்க வை. எண்ணெய் படவே கூடாது. எண்ணெய் பட்ட ரப்பர் ஊதும், பிசுபிசுக்கும், இழுத்தால் திரும்பாது.

இந்தக் கடைசி வரிக்கு அடியில் இரண்டு கோடு போட்டிருந்தேன். யாரும் சொல்லித் தந்ததில்லை. கெட்டுப்போன வளையங்களை எடுத்து வைத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

ஒருமுறை அம்மா, பாவம், தொப்பிக் காசைப் புளி போட்டு விளக்கிவிட்டாள். மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். "யக்கா, திருட்டுக் காசு அழுக்காத்தான்க்கா இருக்கணும். இது சாமி வெளக்கு மாதிரி மின்னுது!" அதை மறுபடி அழுக்காக்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

"மருமகளே, ஒனக்குச் சின்னக் கை. அதான் வேல இம்புட்டுச் சுத்தமா இருக்கு" என்பார் மாமா. சின்னக் கை உள்ள பிள்ளைகள் எங்கள் தெருவில் இருபது முப்பது பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவரையும் அவர் கூப்பிட்டதில்லை. ஆனாலும் அவர் பாராட்டியது கையைத்தான், என்னை இல்லை.

அந்தக் காசுகளால் எனக்குக் கிடைத்தது ஓர் இடம். பட்டறை மேசையின் ஓரத்தில் நான்கு திருகாணி போட்டு முடுக்கிய, சாமானை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் ஒரு சின்ன வைஸ் இருந்தது. அதன் முன்னால் நான் உட்காரலாம். பெண்பிள்ளைகள் பட்டறையில் உட்காருவது எங்கள் தெருவில் இல்லாத வழக்கம். அப்பா உட்காரச் சொல்லவும் இல்லை, விரட்டவும் இல்லை. மாமாவின் காசுகள் இருக்கிற வரைக்கும் எனக்கு அங்கே வேலை இருந்தது. எனக்கு வேண்டியதெல்லாம் அதுதான்.

இனி எண்ணெய். பூட்டுக்காரர் கைக்கு ஒரு பழக்கம் உண்டு. செய்து முடித்த எந்தச் சாமானும் ஒரு சொட்டு எண்ணெய் வாங்காமல் பட்டறையை விட்டுப் போகாது. அப்பா பூட்டுக்கு விடுவார், அந்தக் கையோடு கதவுக் கீலுக்கு விடுவார், பக்கத்து வீட்டுத் தையல் மெஷினுக்கு விடுவார். எண்ணெய்க் குப்பியின் அடியை அவர் கட்டைவிரல் அமுக்குவது அவருக்கே தெரியாது.

காதுகுத்துக்கு நான்கு நாள் முன்பு மடக்குக் காசுக்குப் புது வளையம் போட்டேன். பத்துத் தடவை மடக்கிப் பார்த்தேன். உலர்ந்த துணியில் சுற்றி டப்பாவில் வைத்து, டப்பாவை அலமாரியில் வைத்தேன். அடுத்த தட்டில், கடைக்குப் போகவேண்டிய, மாங்காய் வடிவப் பூட்டுகள் இருந்தன.

அன்று காலையில்தான் மாமா வந்து சேர்ந்தார். "மருமகளே, இன்னைக்கு ஒங்க பெரியப்பன் வாய அடைக்கணும்."

"அவுக வாய் பெருசு மாமா. புட்டி வாய்தான் சின்னது."

சிரித்துக்கொண்டே டப்பாவை வாங்கிப்போனார். ஒரு தடவை மடக்கிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. பந்தி முதல் வரிசையில் இலை போட்டிருந்தார்கள், அங்கே ஓடிவிட்டார்.

பெரியப்பா அப்பாவின் அண்ணன். ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டி வைத்து, பேச்சும் அந்தப் பக்கத்துப் பேச்சாகவே ஆகிவிட்டவர். மூன்று துண்டுகளையும் பாயில் பார்த்ததும் அவர் கேட்டது: "ஏனுங்க மச்சான், நல்ல காசக் குடுத்தா நறுக்கித் தர்றீங்க? இதென்ன கத்திரிக்காயுங்களா?"

பந்தல் முழுக்கச் சிரித்தது. பின்னாலிருந்து ஒரு பெண் குரல், "ஏத்தா, மொய்ப் பணத்த இவுக கையில குடுத்துறாதீக!" என்றது.

மாமாவின் இடது கை மூடியே இருந்தது. பெரியப்பாவின் நிஜக் காசு அதற்குள் இருந்தது. அதைக் காட்டினால் வித்தை எப்படி என்பது தெரிந்துபோகும். காட்டாவிட்டால் பெரியப்பா விடமாட்டார். அப்போதுதான் அப்பா முன்னால் வந்தார்.

"ஒங்க காசு பத்திரமா இருக்குண்ணே. இது வித்தைக் காசு. இந்தக் கழுததான் ரப்பர் மாட்டுறேன்னு கைய வச்சுக் கெடுத்துருச்சு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பெரியப்பாவுக்குக் காசு மறந்துபோயிற்று. "ஏந்தம்பி, பொட்டப்புள்ள கையில அரத்தக் குடுத்தா ஒக்கார வச்சிருக்கிற? நாளைக்குப் பொண்ணு பாக்க வாரவனுக்கு என்னன்னு பதில் சொல்லுவ?"

"இவ இனிமே பட்டறைப் பக்கம் வர மாட்டாண்ணே" என்றார் அப்பா.

யோசிக்கக்கூட இல்லை. அந்த ஒரு வரியில் என் இடம் போயிற்று.

நான் குனிந்து துண்டுகளைப் பொறுக்கினேன். வளையம் புழு மாதிரி ஊதி அறுந்து கிடந்தது. விரலில் ஒட்டியது. மோந்து பார்த்தேன். பட்டறை எண்ணெய்.

"அப்பா, எண்ணெய்ப்பா! யாரோ எண்ணெய் விட்டுருக்காக. மோந்து பாருங்க."

"வாயாடாம உள்ள போ."

நான் மாமாவைப் பார்த்தேன். அதற்கு முன் அந்தக் காசுக்கு எட்டு வளையம் மாற்றியிருந்தேன். ஒன்றுகூட மேடையில் அறுந்ததில்லை. அது அவருக்குத் தெரியும். 'மருமகளே' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று காத்திருந்தேன். அவர் இடது கையைத் திறந்து, பெரியப்பாவிடம் காசைக் கொடுத்துவிட்டு, புட்டிக்குள் இன்னும் ஏதோ இருப்பது போல எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில், மாமா விட்டுப்போன டப்பாவில் இருந்த துணியை எடுத்துப் பார்த்தேன். நடுவில் வட்டமாக ஒரு கறை. பக்கத்துத் தட்டில் பூட்டுகள் வைத்திருந்த காகிதத்திலும் அதே அளவில் வரிசையாகக் கறைகள். பூட்டுகளுக்கு விட்டுக்கொண்டே வந்த கை, டப்பாவையும் திறந்து விட்டிருக்கிறது.

பந்தலில் கட்டிய பலூன் ஒன்றை எடுத்து இரண்டு வளையம் வெட்டினேன். ஒன்றில் பட்டறை எண்ணெய் ஒரு சொட்டு. மற்றதில் ஒன்றுமில்லை. தனித்தனித் தீப்பெட்டியில் வைத்து நான்கு நாள் காத்திருந்தேன். ஐந்தாம் நாள், அப்பா தனியாக இருந்தபோது இரண்டையும் மேசையில் வைத்தேன். உலர்ந்ததை இழுத்துக் காட்டினேன், திரும்பியது. எண்ணெய் பட்டதை இழுத்தேன், அறுந்தது.

"இதுலதான்ப்பா எண்ணெய் விட்டேன்."

அப்பா அறுந்த துண்டை எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தார். நிறைய நேரம் தேய்த்தார். பிறகு பிரஷ்ஷை எடுத்து, அரத்தூளோடு சேர்த்து இரண்டையும் தரையில் தள்ளினார்.

"படிக்கிற வேலயப் பாரு."

மறுநாள் சின்ன வைஸ் மேசையில் இல்லை.

சோதனை போதவில்லை என்று நினைத்தேன். பத்து வயதில் எனக்கு வேறு காரணம் தோன்றவில்லை. தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், மண்ணெண்ணெய் எல்லாவற்றிலும் வளையம் போட்டு, நாள் வாரியாக எழுதி, அவர் கண்ணில் படுகிற இடத்திலெல்லாம் வைத்தேன். ஒவ்வொரு தடவையும் அது பெருக்கித் தள்ளப்பட்டது. இன்னும் தெளிவாகக் காட்டினால் அப்பாவுக்குப் புரிந்துவிடும் என்று ஒரு வருடம் நம்பினேன்.

பல வருடம் கழித்து, பாலிடெக்னிக்கில் ஒரு வகுப்பில், எண்ணெய் ரப்பரைக் கெடுக்கும் என்று ஆசிரியர் ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போனார். எல்லோரும் எழுதினார்கள். நான் பேனாவை மூடி வைத்தேன். அப்பா தேய்த்த தேய்ப்பு ஞாபகம் வந்தது. இரும்பையும் எண்ணெயையும் நாற்பது வருடம் தொட்ட விரல் அது. தொட்ட உடனே அதற்குத் தெரிந்திருக்கும். புரியாததால் அவர் தள்ளவில்லை, புரிந்ததால் தள்ளினார். அண்ணன் முன்னால் சொன்னதைத் திரும்ப எடுப்பதைவிட மகளை எழுப்பி அனுப்புவது அவருக்குச் சுலபமாக இருந்தது. தெரியாதவருக்குத்தான் நிரூபிக்க முடியும். அது அந்தப் பிள்ளைக்குத் தெரியவில்லை.

இப்போது எனக்கு ஓர் ஆய்வுக்கூடத்தில் கருவிகளைப் பழுதுபார்க்கும் வேலை. வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா, "நம்ம பட்டறையில வளந்த புள்ள" என்று என்னைக் காட்டுகிறார். மாமா புதிதாக ஒரு மடக்குக் காசு வாங்கி வைத்திருக்கிறார். வளையம் மாற்றித் தரச் சொல்லி அம்மாவிடம் இரண்டு தடவை கொடுத்தனுப்பினார். இரண்டு தடவையும் அப்படியே திருப்பி அனுப்பினேன். பழைய காசின் மூன்று துண்டுகளும் என்னிடம் இருக்கின்றன. பட்டறை மேசையின் ஓரத்தில் நான்கு திருகாணித் துளைகளும் அப்படியே இருக்கின்றன. எண்ணெய் விட்டது யார் என்று அப்பா இன்னும் சொல்லவில்லை.