தே, ஆமாம், இல்லை, ஆமாம்

எனக்குப் பொறுமை கிடையாது. அதனால்தான் நிரல் எழுதும் வேலைக்கு வந்தேன் என்று வீட்டில் சொல்வார்கள். சொன்னதைக் காதில் வாங்காத மனிதர்களைவிட, சொன்னதை மட்டும் செய்யும் இயந்திரம் எனக்குத் தோது.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். கிள்ளான் துறைமுகத்துக்குப் போகும் லோரிகள் எந்த வாசலில் எந்தப் பெட்டியை ஏற்ற வேண்டும் என்று சொல்லும் மென்பொருளை நானும் என் தோழியும் எழுதுகிறோம். நாங்கள் எழுதும் மொழிக்கு ஒரு கம்பைலர் உண்டு. எழுதியதை முழுக்கப் படித்து, தப்பிருந்தால் திட்டி, சரியாக இருந்தால்தான் இயந்திரம் ஓட்டும் வடிவத்துக்கு மாற்றித் தரும். நன்றாகத் திட்டும். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் வாயே திறக்காது.

ஒரு வேலையைச் செய்யச் சொல்லும்போது அதற்கு வேண்டிய விவரங்களை வரிசையாக மட்டுமே கொடுக்க முடியும். எடை, உயரம் என்று கொடுக்க வேண்டிய இடத்தில் உயரம், எடை என்று மாற்றிக் கொடுத்தால், இரண்டும் எண்தானே என்று பேசாமல் வாங்கிக்கொள்ளும். அப்படித்தான் ஒரு நாள் எங்கள் லோரி ஒன்று தப்பான வாசலில் போய் நின்றது. ஓட்டுநர் போனில் எங்களைப் பிடி பிடியென்று பிடித்தார். அன்றைக்கு முழுக்க எனக்குக் கோபம், அவர் மேல் இல்லை, கம்பைலர் மேல்.

அந்த மொழியில் மாற்றம் வேண்டுமென்றால் யார் வேண்டுமானாலும் இணையத்தில் எழுதிக் கேட்கலாம். பொறுப்பாளர்கள் கூடிப் பேசி முடிவு செய்வார்கள். நானும் கேட்டேன்: ஒவ்வொரு விவரத்தையும் பெயர் சொல்லிக் கொடுக்க வழி வேண்டும், பெயர் சொல்லிவிட்டால் வரிசை எப்படி இருந்தாலும் கம்பைலர் புரிந்துகொள்ள வேண்டும். உதாரணத்துக்கு மூளையைக் கசக்கவில்லை. கீழ்க்கடையில் "தே ஐஸ், கூராங் மானிஸ், புங்குஸ்" என்று சொன்னாலும், அதையே தலைகீழாகச் சொன்னாலும், ஐஸ் போட்டு, சீனி குறைத்து, பிளாஸ்டிக் பையில் கட்டிய அதே தேநீர்தான் வரும். யாரும் கடையில் போய் நின்று "தே, ஆமாம், இல்லை, ஆமாம்" என்று சொல்வதில்லை. இந்த மொழியில் நாம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று எழுதினேன். என் எழுத்து எனக்கே ரொம்பப் பிடித்திருந்தது.

படித்தவர்களுக்குத்தான் பிடிபடவில்லை. தேநீரை எதற்குப் பையில் கட்ட வேண்டும் என்று ஒருவர் கேட்டார். பை கிழிந்தால் என்ன ஆகும் என்று இன்னொருவர். ஸ்ட்ரா, கயிறு, விரலில் மாட்டிக்கொண்டு நடப்பது என்று நானும் விளக்கப் போய், பேச்சு முழுக்கப் பையைச் சுற்றியே நடந்தது. கடைசியில் கோரிக்கையை மூடிவிட்டார்கள். உலகமே தேநீரைப் பையில் தொங்கவிட்டுக்கொண்டு போகும் என்று நான் பாட்டுக்கு நினைத்திருந்தேன்.

இரண்டாவது தடவை மின்னஞ்சல் அனுப்புவதை உதாரணமாக வைத்துச் சப்பென்று எழுதினேன். பதில் போட்டவர் ஒரே ஒருவர். பொறுப்பாளர்களில் மூத்தவர், எங்கோ குளிர் நாட்டில் இருப்பவர். மொழியோடு சேர்ந்து வரும் நிரல் தொகுப்பில் பெரும்பகுதி அவர் கைப்பட எழுதியது. வரிசையே போதும், கவனமாக எழுதுகிறவர்கள் தவறமாட்டார்கள் என்று முடித்துவிட்டார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. அந்த லோரி வரியை எழுதியவள் என் தோழி. சாப்பாட்டுப் பொட்டலத்தின் ரப்பர் பேண்டைக்கூட நிறம் பார்த்து எடுத்து வைக்கிறவள் அவள். அவளைவிடக் கவனமான ஆளை நான் பார்த்ததில்லை.

மூன்றாவது தடவையும் மறுத்துவிட்டால் அந்தப் பேச்சை இனி எடுக்கவே கூடாது என்பது அவர்கள் விதி. நான் மறுபடியும் தேநீரையே எழுதினேன், பையை மட்டும் விட்டுவிட்டு. அதைப் படித்துவிட்டுத் தோழி உதட்டைப் பிதுக்கினாள்.

"கேட்டுக்கிட்டே இருந்தா குடுக்க மாட்டாங்க லா. செஞ்சு காட்டுவோம்."

பழைய நிரல்களைப் படித்து, ஒவ்வொரு விவரத்துக்கும் தானாகவே பெயர் ஒட்டித் தரும் கருவி ஒன்றை எழுத ஆரம்பித்தோம். உயரம் கேட்கும் இடத்தில் அகலம் என்று பெயர் வைத்த எண் வந்தால், அது மஞ்சள் கோடு போட்டுக் காட்ட வேண்டும். சனிக்கிழமைகளில் கிள்ளானில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினோம். எங்கள் லோரிப் பிழையை அது முதன்முதலாகப் பிடித்துக் காட்டியபோது நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு ஆன்டி வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

எங்கள் மூன்றாவது கோரிக்கையை முடிவு செய்யும் கூட்டம் இணையத்தில் நடந்தது. அவர்களுக்குக் காலை, எங்களுக்குச் சாயங்காலம். வெளியே நல்ல மழை, அலுவலகத்துக்குக் கீழே கடையில் ரசம் தாளிக்கும் வாசனை. பள்ளி ஓட்டப்பந்தயத்தில் விசிலுக்குக் காத்து நிற்பது போலிருந்தது எனக்கு. எங்கள் அலுவலகத்துப் பிழையை வைத்து மொழியை மாற்ற முடியாது என்று மூத்தவர் எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டார். அப்படியானால் வேறு எதில் ஓட்டிக் காட்டட்டும் என்று கேட்டேன். மொழியின் சொந்தத் தொகுப்பிலேயே ஓட்டுங்களேன் என்றார், அதில் ஒன்றும் அகப்படாது என்கிற நிதானத்தோடு. நாங்கள் அதில் ஓட்டிப் பார்த்ததே இல்லை. தோழி என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

கருவி ஓடியது. வரிகளில் பெயர்கள் ஒட்டிக்கொண்டே போயின. எங்கும் தப்பில்லை. திரையில் ஒருவர் கொட்டாவியை மறைத்தார். நம் கதை முடிந்தது என்று நான் நினைத்த நேரத்தில் ஒரு மஞ்சள் கோடு வந்து நின்றது.

படங்களைச் சுருக்கும் பகுதி அது. உயரத்தின் இடத்தில் அகலம், அகலத்தின் இடத்தில் உயரம். கருவிதான் தப்பாகச் சொல்கிறது, அந்தப் பகுதிக்குச் சோதனைகள் இருக்கின்றன, எல்லாம் தேறியிருக்கின்றன என்றார் ஒரு பொறுப்பாளர். தோழி அந்தச் சோதனைகளைத் திறந்தாள். சோதிக்க வைத்திருந்த படங்கள் அத்தனையும் சதுரம். அகலமும் உயரமும் ஒன்றாக இருந்தால், இடம் மாறியது யாருக்குத் தெரியும்? அவள் தன் போனிலிருந்து நீளமான படம் ஒன்றை எடுத்துப் போட்டாள், கம்பியில் மாட்டிய எங்கள் தே பைகளின் படம். பைகள் இரண்டும் பூசணிக்காய் மாதிரி நசுங்கி வந்தன.

எனக்கு மேசை மேல் ஏறிக் குதிக்க வேண்டும் போலிருந்தது. அவள் கையைப் பிடித்து நசுக்கினேன். அந்த வரியை எழுதியது யார் என்று ஒருவர் தேடிப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சொல்லத் தயங்கினார். அப்போது மூத்தவர் தன் மைக்கைத் திறந்தார்.

"அது நான் எழுதியது," என்றார். "கவனமாகத்தான் எழுதினேன்."

கோரிக்கையை ஏற்பவர்கள் கை தூக்கச் சொன்னபோது முதலில் தூக்கியவர் அவர்தான்.