ஆமென் மட்டும் விளங்கிய கோயில்

பர்மாவில், இன்சீன் ரயில் பட்டறைக்குப் பின்னால் இருந்த சின்னத் தமிழ்க் கோயிலுக்குத் தேவராஜ் போதகராக வந்தது 1991இல். அவர் பிரசங்கத்தில் வேறு எது விட்டுப்போனாலும் அந்த ஸ்காட்லாந்துப் பாதிரியார் மட்டும் விட்டுப்போக மாட்டார். மிஷன்காரர்கள் விட்டுப்போன, கரையான் அரித்த புத்தகத்தில் அவர் கண்டெடுத்த மனிதர். நானூறு வருஷத்துக்கும் முன்னால், சனங்களுக்குப் புரியாத லத்தீனில் இனி ஜெபிக்கவே மாட்டேன் என்று அடம்பிடித்து, வேலையும் வீடும் பறிபோய்த் தெருவில் நின்றவர்.

"கேக்குறவங்களுக்குப் புரியாத ஜெபம் என்னாத்துக்கு?" என்று மேசையைத் தட்டுவார் தேவராஜ். தனக்கே குழி வெட்டுகிறோம் என்று மனுஷருக்கு அப்போது தெரியவில்லை.

2003இல் ஒரு ஞாயிறு, பாட்டுக்குழுவில் இருந்த, பர்மியப் பள்ளியில் படித்து வளர்ந்த அம்சவேணி எழுந்தாள். பர்மியத்தில், வாத்தியாரைக் கூப்பிடுகிற மரியாதையோடுதான் ஆரம்பித்தாள்.

"சயா, அந்தக் காலத்து ஆளுங்களுக்கு லத்தீன் எப்படியோ, எங்களுக்குத் தமிழ் அப்படி. ஆமென் மட்டும்தான் வெளங்குது."

மறுமாதமே தேவராஜ் ஆராதனையைப் பர்மியத்துக்கு மாற்றினார். வேறு வழியில்லை, சொன்ன வாய் அவருடையது.

அவர் மனைவி சொர்ணம்மாள் அன்று சோறே தொடவில்லை. "சந்தையில மீன் வாங்க எனக்கு பர்மாப் பேச்சு போதும்ங்க. சாமிகிட்ட அழுறதுக்குப் போதாது" என்றாள். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "போவட்டும். என்னை அடக்கம் பண்றப்பவாச்சும் தமிழ்ல ஜெபிங்க" என்றாள். அவரும் கையடித்துக் கொடுத்தார்.

2007இல் அவள் போய்ச் சேர்ந்தாள். சவப்பெட்டியருகே தேவராஜ் தமிழ் ஜெபப் புத்தகத்தைத் திறந்தார். எதிரே மகன் வேலை பார்க்கும் லைங் தாயா ஆலையிலிருந்து வந்தவர்கள், அக்கம்பக்கத்துப் பர்மியர்கள், பேரப்பிள்ளைகள். இரண்டு வரி போவதற்குள் பிள்ளைகள் முழிக்க ஆரம்பித்தார்கள். மகன் காதோரம் குனிந்து, "அப்பா, யாருக்கும் புரியல" என்றான்.

கேட்பவர்களுக்குப் புரிய வேண்டும் என்ற பாழாய்ப்போன பழக்கம். புத்தகத்தை மூடிவிட்டு, பர்மியத்தில் ஜெபித்து முடித்தார். பிள்ளைகள் தேம்பித் தேம்பி அழுதார்கள். அங்கே இருந்த அத்தனை பேருக்கும் ஒவ்வொரு சொல்லும் புரிந்தது, சொர்ணத்தைத் தவிர.

வீடு திரும்பிய பிறகுதான் அது அவருக்கு உறைத்தது. மறுநாள் காலை தனியாகக் கல்லறைக்குப் போய், ஈரமண்ணில் முழங்காலிட்டு, முதல் வரியிலிருந்து தமிழில் வாசித்தார். கடைசிப் பக்கம் வந்ததும் பழக்கதோஷத்தில் நிறுத்திக் காத்திருந்தார்.

ஆமென் சொல்ல ஆளில்லை.