கழுவிவிட்ட ஸ்பாஞ்சும் கேட்காமல் விட்ட பாதியும்

இரண்டு வருஷத்துக்கு முந்தைய மார்கழி. போகிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, அன்னவாசலில் எங்கள் வீட்டைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். பரண், ஃபேன், ஜன்னல் எல்லாம் முடித்ததில் இடுப்பு விட்டுப்போயிருந்தது. மிச்சம் மீன்தொட்டி மட்டும்தான்.

என் கணவர் கத்தாரில் வேலை பார்க்கிறார். லீவில் வந்தபோது ஆசையாக வைத்த தொட்டி. அடியில் கறுப்பு மண், அதில் செடிகள், நடுவில் ஒரு மரவேர், பதினான்கு மீன்கள். போனில் என்னை விசாரிப்பதற்கு முன் மீனை விசாரிப்பார். அதில் எனக்கு எரிச்சல்தான், மறைப்பானேன்? ஆபீஸ், வீடு, பிள்ளைகள் படிப்பு என்று ஒற்றையாளாக ஓடுகிறவளுக்கு இது வேறு.

மண் கரைந்து சேறாகி, செடியெல்லாம் அழுக ஆரம்பித்திருந்தது. "எடுத்துட்டு மணலப் போட்டுரு" என்று சொல்லி, எப்படிச் செய்வதென்று நீளமாக ஒரு வாய்ஸ் மெசேஜும் அனுப்பியிருந்தார். பாதிதான் கேட்டேன். கழுவுவதற்கு எனக்கா சொல்லித்தர வேண்டும்?

மீன்களை வாளிக்கு மாற்றினேன். மணலைத் தண்ணீர் தெளியும்வரை அலசினேன். ஃபில்டருக்குள் இருந்த ஸ்பாஞ்ச் பழுப்பேறி வழவழவென்று இருந்தது. பார்க்கவே குமட்டியது. பிளீச்சிங் பவுடர் வாசம் அடிக்கும் குழாய்த் தண்ணீரில் பிழிந்து பிழிந்து அதைப் புதுசாக்கினேன். கற்களைக் கொலு மாதிரி படிப்படியாக அடுக்கி, அழுகாமல் மிஞ்சிய செடிகளை நட்டு, பிடித்துவைத்திருந்த தண்ணீரை ஊற்றினேன். தொட்டி பளபளத்தது. எனக்கே பெருமையாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை தண்ணீர் வெளுத்துக் கஞ்சி போல ஆகிவிட்டது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. இரண்டு செத்து மிதந்தன. அன்று வீடியோவில் கூப்பிட்டவரிடம், "தொட்டி லைட் எரியலங்க" என்று பொய் சொன்னேன்.

மறுநாள் போகி. ஆபீசுக்கு லீவு போட்டு, பாட்டிலில் தொட்டித் தண்ணீரோடு, கரும்புக் கட்டுகள் நெரித்த பஸ்ஸில் புதுக்கோட்டை போனேன். மீன் கடைக்காரர் ஒரு மருந்தை எடுத்து நீட்டினார். பக்கத்தில் மீன் தீனி வாங்க நின்றவர், சட்டையெல்லாம் கிரீஸ், மெக்கானிக் போல, பாட்டிலைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஃபில்டர் ஸ்பாஞ்ச என்னக்கா செஞ்சீங்க?"

"சுத்தமா கழுவிட்டேங்க."

"அடடா! மீன் கழிவத் திங்கிற கிருமியெல்லாம் அந்த அழுக்குலதானக்கா இருக்கும். அது போச்சுன்னா தண்ணி கெட்டுரும். செத்த இருங்க, வாரேன்."

வண்டியை எடுத்துக்கொண்டு போனவர் அரைமணி நேரத்தில் வந்தார். கையில் ஒரு கவர். தன் வீட்டுத் தொட்டியில் ஓடிக்கொண்டிருந்த ஸ்பாஞ்சைப் பாதியாக வெட்டி, சேறு சொட்டச் சொட்டக் கொண்டுவந்திருந்தார்.

"இத உங்க ஃபில்டர்ல வைங்க. தெனம் கொஞ்சம் தண்ணி மாத்துங்க. இதையும் கழுவிறாதீங்கக்கா" என்று சிரித்தார். பெயரைக் கூடக் கேட்கத் தோன்றவில்லை எனக்கு.

திரும்பும் பஸ்ஸில், மடியில் சேற்று வாடையடிக்கும் கவரோடு, அந்த வாய்ஸ் மெசேஜை முழுசாகப் போட்டுக் கேட்டேன். பிற்பாதியில், "ஸ்பாஞ்ச மட்டும் கழுவிறாத" என்று தெளிவாகச் சொல்லியிருந்தார். அதோடு முடியவில்லை. "ஒனக்கு முடியலன்னா விட்டுரு. மீன் போனாப் போகுது. ஒத்தையா எல்லாத்தயும் இழுத்துப் போட்டுக்கிட்டு அலையாத." கரும்புக் கட்டின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன்.

பன்னிரண்டில் பத்து பிழைத்தன. பொங்கலன்று அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "சரி, நீ சாப்பிட்டியா?" என்றுதான் கேட்டார்.

இன்றைக்கும் வீட்டில் கண்ணில் படுவதையெல்லாம் கழுவுகிறேன், அந்தப் பாதி ஸ்பாஞ்சைத் தவிர. அதைப் பார்க்கும்போதெல்லாம், பெயர் தெரியாத ஒருவர் செய்த உதவியோடு, என் கணவர் எனக்காகச் சொன்ன வார்த்தையைக் கேட்கக்கூட நேரமில்லாமல் நான் ஓடியதும் சேர்ந்தே ஞாபகம் வருகிறது.