நெட்டாவின் கஃபா

சிரிப்பில் ‘கஃபா’ என்று ஒரு வகை உண்டு. ஆங்கிலேயர்கள் அதைத் தங்கள் சொல் என்று சொல்லிக்கொள்ளட்டும். ஸ்காட்லாந்துக்காரர்களான எங்கள் வாயிலிருந்து போனதுதான் அது. வாயைப் பொத்திக்கொண்டு களுக்கென்று சிரிப்பது கஃபா ஆகாது. வயிற்றிலிருந்து கிளம்பி, அடக்குவதற்குள் வெடித்துவிட வேண்டும். யாரும் தன் சிரிப்பை அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை. அடுத்தவரைத்தான் சொல்வார்கள், அதுவும் கொஞ்சம் முகத்தைச் சுளித்துக்கொண்டு. ஆண் அப்படிச் சிரித்தால் கலகலப்பான ஆள். பெண் சிரித்தால் அடக்கமில்லாதவள். என்ன நியாயமோ!

பீட்டர்ஹெட் துறைமுகத்தில் மீன் அரியும் கொட்டகையில் நெட்டாவும் நானும் வருடக்கணக்காகப் பக்கத்துப் பக்கத்து மேசை. அவள் சிரித்தால் ஐஸ் பெட்டி தூக்குகிறவன்கூட நின்று பார்ப்பான். அவள் மாமியார் அடக்கத்தன்று பாதிரியாரின் தொப்பி காற்றில் பறந்து குழிக்குள் விழுந்தது. நெட்டா வெடித்துவிட்டாள். ஊர் அதை மன்னிக்கவே இல்லை.

பிறகு அவள் கணவன் ஆர்ச்சி செத்தான். பெட்டியைக் குழிக்குள் இறக்க எட்டுப் பேர் ஆளுக்கொரு கயிறு பிடிப்பார்கள். தலைமாட்டுக் கயிறு மிக நெருங்கியவருக்கு. பிள்ளைகள் இல்லை என்பதால், ஆர்ச்சியின் தம்பி ஹெக்டர் அது தனக்குத்தான் என்று இருந்தான். பெண்கள் கயிறு பிடிக்கிற வழக்கம் அப்போது எங்களிடம் கிடையாது.

“தலைமாட்டுக் கயிறு எனக்கு,” என்றாள் நெட்டா, அவனுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டே.

“உனக்கா? அம்மா அடக்கத்துல நீ பண்ணின கூத்து போதாதா?”

“தொப்பி விழுந்துச்சு, சிரிச்சேன். உங்கம்மா பார்த்திருந்தா அவங்களும்தான் சிரிச்சிருப்பாங்க.”

“சரி, சிரிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணு. தர்றேன்.”

“நீ யாருடா தர்றதுக்கு? சத்தியமும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. சிரிப்பு வந்தா வரும். ஆனா ஆர்ச்சியை நான்தான் இறக்குவேன்.”

அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் பக்கம் ஹெக்டர் திரும்பினான். “நீயாவது சொல்லேன்!”

“என்னத்தைச் சொல்ல? புருஷன் அவளுக்குத்தானே?” என்றேன். எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது.

அடக்கத்தன்று தூறலும் காற்றும். நெட்டா தலைமாட்டில் நின்றாள், வெறுங்கையோடு. ஹெக்டர் கால்மாட்டில், யாரிடமோ இரவல் வாங்கிய கறுப்புத் தோல் கையுறைகளோடு. மரியாதையாக இருக்க வேண்டுமாம்! கூடியிருந்தவர்கள் பெட்டியைப் பார்க்கவில்லை, அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

பெட்டி பாதி இறங்கியபோது ஹெக்டரின் கயிறு வழுக்கியது. ஈரக் கையுறையையும் உருவிக்கொண்டு போயிற்று. கால்மாடு சரேலென்று சரிந்தது. கையுறை பெட்டி மேல் விரல்களை விரித்தபடி விழுந்தது.

நெட்டா வெடித்தாள். கஃபா என்றால் அதுதான்! மதில்மேல் இருந்த கடற்காக்கைகள் மொத்தமும் எழும்பிப் பறந்தன. ஆனால் அவள் கை ஓர் அங்குலம் நழுவவில்லை. குதிகாலைச் சேற்றில் ஊன்றி, பின்னால் சாய்ந்து, மீன் பெட்டி இழுத்த தோளால் பாரத்தைத் தாங்கிக்கொண்டு, சிரிப்போடு சிரிப்பாகக் கத்தினாள்:

“கயித்தப் பிடிடா ஹெக்டர்! உன் க்ளவுஸ் உனக்கு முன்னாடியே போய்ச் சேர்ந்துடுச்சு!”

அவன் மண்டியிட்டு, நழுவிக்கொண்டிருந்த நுனியை எட்டிப் பிடித்தான். பெட்டி நேரானது. அவள் சிரித்துக்கொண்டேதான் இறக்கினாள், மெல்ல மெல்ல, அடிமண் தொடும்வரை. தொட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது.

வழக்கப்படி எல்லோரும் கயிறுகளைக் குழிக்குள் போட்டார்கள். நெட்டா போடவில்லை. பாதிரியார் காத்திருந்தார். முழங்காலெல்லாம் சேறாக ஹெக்டர் அவளருகே வந்தான்.

“நெட்டா, அண்ணன் நேராத்தான் போயிருக்கான். கயித்தப் போட்டுடு.”

“போட்டுட்டா நான் வெறுங்கையோட வீட்டுக்குப் போகணும்டா,” என்றாள்.

ஹெக்டர் அவள் கைக்குப் பக்கத்தில் தானும் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான்.