சொந்தக்காரர் அல்லாத ஒருவர்

தங்கை சரோஜாவின் மருத்துவக் கல்லூரி விண்ணப்பம் இன்று நாலு மணித் தபாலில் போயாக வேண்டும். மதிப்பெண் இருந்தது. அவளை ஐந்தாண்டு அறிந்த, உறவினர் அல்லாத பெரிய மனிதரின் நன்னடத்தைச் சான்றிதழ்தான் இல்லை.

இராஜபாளையத்தில் பெரிய மனிதர் அத்தனை பேரும் எங்களுக்கு மாமன், மச்சான்.

மூன்று மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் நின்றோம். கிணற்று வழக்கில் எட்டு வருடமாக எங்களை எதிர்த்து வாதாடும் வக்கீல் வெளியே வந்தார். அப்பாவோடு வாய்தாவுக்குப் போய், அவரை முறைத்தே வளர்ந்தவள் சரோஜா.

"எங்கிட்டயா வாரீக?"

"சொந்தமில்லாத ஆளு வேற கிடைக்கலங்க," என்றாள்.

படிவத்தை வரிவரியாகப் படித்தார். மணி மூன்றரை. பிறகு எழுதினார்: 'எட்டு வருடமாக அறிவேன். பொய் சொல்லாத குடும்பம்.'

"ஏட்டி, இத ஒங்க வக்கீல் கண்ணுல காட்டிராத."

தபால் போய்விட்டது. கல்லூரியில் சேர முக்கியமானது நீண்ட வழக்கு ஒன்று. உங்கள் பிள்ளைகளுக்கு யார்மேல் போடுவதாக உத்தேசம்?